இறக்கிய எடை திரும்ப ஏறாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலையில் எங்களோடு நடப்பவர்கள் கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு நான் சொன்ன பதில்களும் இவை. நான் மருத்துவர் அல்ல, வங்கியில் வேலை பார்ப்பவள். 2011-இல் 84 கிலோவிலிருந்து 70-க்கு இறங்கினேன். இரண்டே ஆண்டில் 87-க்குப் போனேன். 2016-இல் மறுபடி தொடங்கி, அடுத்த ஆண்டு முடிவில் 66-க்கு வந்தேன். அன்றிலிருந்து பெரும்பாலும் 65-க்கும் 68-க்கும் நடுவில் இருக்கிறேன். முதல் முறை ஏன் தோற்றேன் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன்.

அவ்வளவு பாடுபட்டு இறக்கினேன். ஆறே மாதத்தில் பாதி திரும்பிவிட்டது. என் மனஉறுதியில் என்ன குறை?

மனஉறுதியில் குறை இல்லை. இதை முதலில் மனதார நம்புங்கள். இதை நம்பாதவர்கள் தங்களைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டுவிட்டு மறுபடி திட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படி இரண்டு ஆண்டுகள் இருந்தேன்.

கொழுப்பு கரைவதை உடம்பு ஒரு பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இருப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அதை 1994-இல் கண்டுபிடித்தது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். உடனே மூளை பசியைக் கூட்டி, உடம்பின் கலோரிச் செலவைச் சுருக்கும். அடுத்த ஆண்டே லீபல், ரோசன்பாம், ஹிர்ஷ் என்ற மூவரும் அந்தச் சுருக்கத்தை அளந்தார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்தவர்களின் உடம்பு, அதே அளவு உடம்புள்ள மற்றவர்களைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 கலோரி குறைவாகச் செலவழித்தது. அதாவது, எப்போதும் 66 கிலோவாகவே இருக்கும் என் தங்கை சாப்பிடுவதை, 87-இலிருந்து 66-க்கு வந்த நான் சாப்பிட முடியாது. இது அநியாயம்தான். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய அநியாயம்.

சரி, இது எத்தனை நாளைக்கு? மெல்போர்னிலிருந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு ஓராண்டு கழித்து இரத்தத்தைச் சோதித்தார்கள். பசியைக் கூட்டும் ஹார்மோன் அப்போதும் கூடுதலாகவே இருந்தது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன்கள் குறைவாகவே இருந்தன. அமெரிக்காவில் ‘பிக்கஸ்ட் லூசர்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் எடையை இறக்கிய 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தார் ஆய்வாளர் கெவின் ஹால். சராசரியாக 58 கிலோ இறக்கியவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. எடை ஏறிய பிறகும் அவர்களது உடம்பு, எதிர்பார்த்ததைவிட 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று. நாம் இளைக்கும்போது கொழுப்பு செல்கள் காணாமல் போவதில்லை, சுருங்குகின்றன, அவ்வளவுதான். எண்ணிக்கை அப்படியே இருக்கிறது என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2008-இல் காட்டினார்கள். பழைய பருமனின் தடம் அந்தச் செல்களின் மரபணு இயக்கத்தில் பதிந்து கிடக்கிறது என்று சூரிச்சிலிருந்து 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்தது, ஆறுதலில். ‘வாயைக் கட்டத் தெரியாதவள்’ என்று பல ஆண்டுகளாகக் கேட்ட பேச்சுக்கு ஒரு பதில் கிடைத்தது போல இருந்தது.

அப்படியானால் முயல்வதே வீணா?

இல்லை. ஆனால் இறக்குவது ஒரு வேலை, நிறுத்தி வைப்பது வேறொரு வேலை. முதல் வேலைக்கு முடிவுநாள் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. முதல் முறை நான் சேர்ந்த எடைக்குறைப்பு மையத்தில் கடைசி நாளன்று சான்றிதழும் பூங்கொத்தும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாள் காலையில் என்ன சாப்பிடுவது என்று யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் 1994-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ இறக்கி, ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்கள் மட்டுமே அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எடையை இறக்கிய வழிகள் பலவிதம். தக்கவைத்த வழிகளில்தான் ஒற்றுமை தெரிகிறது: நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடலுழைப்பு, பெரும்பாலும் நடை. வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்ப்பது. காலை உணவைத் தவிர்க்காமல் இருப்பது. டி.வி. முன் குறைவாக உட்காருவது. வாரநாள், விடுமுறை என்று பேதம் இல்லாமல் ஒரே மாதிரி சாப்பிடுவது. இவர்கள் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் என்பதால் இதையே வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நடந்து காட்டியவர்களின் காலடித் தடம் இது.

தினமும் எடை பார்க்கலாமா? பார்த்தால் மனம் உடைகிறதே.

நான் தினமும் பார்க்கிறேன். காலையில் எழுந்து கழிவறை போய்வந்து, காபிக்கு முன். ஆனால் ஒரு நாள் எண்ணை நான் நம்புவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் (மாவுச்சத்தை உடம்பு சேமித்து வைக்கும் வடிவம்) ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். ஒரு கல்யாணச் சாப்பாடு, அதோடு ஊறுகாய், அப்பளம், சாம்பாரின் உப்பு எல்லாம் சேர்ந்தால் மறுநாள் தராசில் ஒரு கிலோ கூடவே காட்டும். அது கொழுப்பு அல்ல, தண்ணீர். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களிலும் இதே கதைதான். மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் பேலியோ உணவு முறையைத் தொடங்கியவர்கள் ‘முதல் வாரமே மூன்று கிலோ போயிற்று’ என்று மகிழ்வதிலும் பெரும்பங்கு இந்தத் தண்ணீரே.

ஆகவே ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்து, ஞாயிறன்று காலண்டரில் எழுதுகிறேன். அந்தச் சராசரி 68-ஐத் தாண்டினால் எனக்கு மணி அடித்துவிட்டது என்று பொருள். அன்றிலிருந்து மூன்று வாரம், 2016-இல் சாப்பிட்ட மாதிரி சாப்பிடுவேன். இரண்டு கிலோவை இறக்க மூன்று, நான்கு வாரம் போதும். பன்னிரண்டு கிலோவுக்கு ஓராண்டு வேண்டும், அதற்குள் மனம் சோர்ந்துவிடும். 2012-இல் எடை ஏறுவது தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. பன்னிரண்டு கிலோ ஏறிய பிறகே அதை வெளியே எடுத்தேன்.

மெஷினைப் பார்த்தால் உங்களுக்குச் சாப்பாட்டின் மீதே வெறுப்பு வருகிறது, பட்டினி கிடக்கத் தோன்றுகிறது என்றால், எடை பார்க்க வேண்டாம். உங்கள் அளவுக்குத் தைத்த, இழுபடாத ஒரு சட்டையோ பேண்டோ வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறை போட்டுப் பாருங்கள். நைட்டியிலும் எலாஸ்டிக் வைத்த சுடிதாரிலும் எடை ஏறுவது தெரியவே தெரியாது.

நடந்தால் மட்டும் போதுமா?

எடையை இறக்க நடை சிறிதளவே உதவுகிறது, நிறுத்தி வைக்கத்தான் அதிகம் உதவுகிறது. அந்தத் தொலைக்காட்சிப் போட்டியாளர்களிலும் எடையைத் தக்கவைத்தவர்கள், உடலுழைப்பை மிக அதிகமாகக் கூட்டியவர்களே. பொது ஆரோக்கியத்துக்கு வாரம் 150 நிமிடம் என்பார்கள். எடையைத் தக்கவைக்க 200 முதல் 300 நிமிடம் வரை வேண்டியிருக்கிறது. ரேஸ் கோர்ஸை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். நான் வாரத்தில் ஆறு நாள் இரண்டு சுற்று நடக்கிறேன்.

நடையோடு நிறுத்தாதீர்கள். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது, திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பே வருகிறது. இப்படி இரண்டு முறை ஏறி இறங்கினால் அதே எடையில் முன்பைவிடப் பலவீனமான உடம்பு மிஞ்சும். வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள். ஜிம் கட்டாயம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, இரு கையிலும் தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனைப் பிடித்து மாடிப்படி ஏறுவது என எல்லாமே கணக்கில் சேரும்.

சோற்றை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

எந்த உணவு முறையைப் பத்து ஆண்டுகள் கழித்தும் சாப்பிடுவீர்களோ, அதுவே உங்களுக்கு ஏற்றது. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்தார், மறுபாதிக்குக் கொழுப்பைக் குறைத்தார். ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஐந்து, ஆறு கிலோ இறங்கியிருந்தது. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2018-இல் வந்த ஆய்வு இது. எந்த முறை என்று சண்டை போடும் நேரத்தில் அடுப்படியைப் பார்க்கலாம் என்று அதைப் படித்ததும் தோன்றியது.

எங்கள் வீட்டு அடுப்படியில் மாறியது என்ன? முதலில் எண்ணெய். நான்கு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டரை. கணக்குப் போட்டால் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 160 கலோரிக்கு மேல் குறைகிறது, ஒரு கவளம் சோறுகூடக் குறையாமல். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றும் பழக்கத்தை விட்டு, ஸ்பூனால் அளந்து ஊற்றியதுதான் ஒரே மாற்றம். அடுத்தது சர்க்கரை. நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். அதுவும் ஏறக்குறைய 160 கலோரி. இப்போது இரண்டு காபி, சர்க்கரை இல்லாமல். முதல் மூன்று வாரம் கஷ்டமாக இருந்தது.

சோறு தட்டில் இருக்கிறது. இடம் மாறியிருக்கிறது. முதலில் பொரியலும் பருப்பும் முட்டையும் தட்டில் விழும், மிச்ச இடத்தில் சோறு. நம் சாப்பாட்டில் குறைவது புரதம். இந்தியர்களின் உணவில் அறுபது சதவீதத்துக்கு மேல் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் பசியை நீண்ட நேரம் தள்ளிப்போடும், தசையையும் காக்கும். அரிசி பருப்புச் சாதம் செய்யும்போது அரிசிக்குச் சமமாகப் பருப்பைப் போட்டுப் பாருங்கள், ருசி குறையவில்லை என்று என் மாமியாரே சொன்னார்.

மாலை வேளையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பேக்கரி. அலுவலகம் முடிந்து ஒரு டீ, அதோடு ஒரு பஃப்ஸ் அல்லது தேங்காய் பன், வழியில் காளான் கடை. அதைப் பசி என்று நினைத்தே பல ஆண்டுகள் சாப்பிட்டேன். பேக்கரிப் பண்டங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் தொழிற்சாலையில் பக்குவப்படுத்தி வரும் உணவை வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னால், தெரியாமலே நாளுக்கு 500 கலோரி கூடுதலாகப் போகிறது என்பதைக் கெவின் ஹால் 2019-இல் 20 பேரை வைத்துக் காட்டினார். இரண்டு வகை உணவிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சம அளவு. நான்கு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் அந்தக் கடைகளை என்னால் கடக்க முடிகிறது. வெறும் வயிற்றோடு புறப்பட்டால் இன்றும் முடிவதில்லை.

கொள்ளு ரசம், சீரகத் தண்ணீர் எடையைக் கட்டுப்படுத்துமா?

இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நல்ல பழமொழி. கொள்ளில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம், நல்ல நார்ச்சத்து. ஆகவே கொள்ளுப் பருப்பாகக் கடைந்து சாப்பிடுங்கள், பயன் தரும். ரசத்தில் இறங்குவது மிகக் கொஞ்சம். சீரகத் தண்ணீர் தண்ணீர்தான்.

கல்யாணம், தீபாவளி, விருந்து. இவற்றில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

ஒரு நாள் விருந்தில் எதுவும் கெடுவதில்லை. விருந்துக்கு மறுநாளில்தான் கெடுகிறது. ‘இன்றைக்குக் கெட்டுவிட்டது, திங்களிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நினைப்பு வியாழனிலிருந்து ஞாயிறுவரை நான்கு நாளைத் தின்றுவிடும். நான் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் இருக்கும் இனிப்பைச் சாப்பிடுகிறேன், பாயசத்தையும் சாப்பிடுகிறேன். மறு பரிமாறலுக்கு மட்டும் இலைமேல் கை வைத்து மறைத்துவிடுகிறேன். அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்தில் வழக்கமான நடை.

தீபாவளி வேறு. அது ஒரு நாள் அல்ல, மூன்று வாரம். முறுக்கு டப்பா மேசையில் இருக்கும்வரை கை போய்க்கொண்டே இருக்கும். இப்போது எங்கள் வீட்டில் ஒரு இனிப்பு, ஒரு காரம். வந்து சேரும் பெட்டிகளை இரண்டாம் நாளே பங்கு பிரித்துக் கொடுத்துவிடுகிறோம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளின் தட்டில் மிஞ்சுவதை வீணாக்க மனமில்லாமல் நாம்தான் சாப்பிடுகிறோம். என் அம்மாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான் இருந்தேன். சோற்றை வீணாக்கக் கூடாது என்பது நான் இன்றும் மதிக்கும் நெறி. ஆனால் அதைக் காக்கும் பொறுப்பு அம்மாவின் வயிற்றுக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி வையுங்கள்.

இளைத்ததும் பார்ப்பவர்கள் எல்லாம் ‘சுகர் வந்துவிட்டதா?’ என்று கேட்கிறார்கள். வீட்டிலும் ‘முகம் வாடிவிட்டது, நன்றாகச் சாப்பிடு’ என்கிறார்கள்.

இது சின்ன விஷயம் அல்ல. பலர் மறுபடி ஏறியதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம். அன்பினால் கேட்கிறார்கள். எனவே சண்டை போடாமல், எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருங்கள்: “இல்லீங்க, சுகர் வராமல் இருக்கத்தான் இளைத்தேன்.” வீட்டில் அன்பைக் காட்டச் சோற்றைத் தவிர வேறு வழியைக் கேட்டு வாங்குங்கள். என் கணவர் என்னோடு நடக்க வந்தார். அதைவிட எனக்கு வேறெதுவும் உதவவில்லை.

ஒன்று மட்டும் கவனம். நீங்கள் எதுவும் செய்யாமலே எடை குறைந்தால், அவர்கள் கேட்ட கேள்வியை மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். தைராய்டு, நீரிழிவு, காசநோய் என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

ஊசி மருந்து போட்டு இளைத்தேன். நிறுத்தினால் ஏறுமா?

பெரும்பாலும் ஏறும். செமாக்ளூட்டைடு ஊசியால் சராசரியாக 17 சதவீதம் எடை குறைந்தவர்கள், நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்று 2022-இல் வந்த ஆய்வு சொல்கிறது. டிர்செபடைடு என்ற இன்னோர் ஊசியிலும் நிறுத்தியவர்களுக்கு ஏறியது, தொடர்ந்தவர்களுக்கு ஏறவில்லை. மருந்து பசியின் குரலை அடக்கி வைக்கிறது. எடுத்துவிட்டால் குரல் திரும்புகிறது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போலத்தான். மருந்து எடுப்பவர்களைக் குறுக்கு வழிக்காரர்கள் என்று எங்கள் குழுவில் சிலர் பேசினார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. இந்தியாவில் 2025-இல்தான் இவை எடைக்காகவே விற்பனைக்கு வந்தன. வந்தபோது செலவு பெரிதாக இருந்தது. எத்தனை ஆண்டுகள் தொடர முடியும் என்ற பேச்சை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரோடு பேசிவிடுங்கள். தானாக நிறுத்தாதீர்கள்.

உங்கள் உயரத்துக்கு 66 கிலோவும் அதிகம்தானே?

ஆம். 158 சென்டிமீட்டருக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 26-க்கு மேல் வருகிறது. இந்தியர்களான நமக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன். இடையில் ஒரு முறை 60-க்கு இறங்கிப் பார்த்தேன். அங்கே நிற்க நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றியே நினைக்க வேண்டியிருந்தது, மகளிடம் எரிந்து விழுந்தேன். 66-இல் என் சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் மூன்றும் சரியாக இருக்கின்றன. எடையில் ஐந்து, பத்து சதவீதம் குறைந்தாலே இவை தேறத் தொடங்கும். நிற்க முடிந்த இடத்தில் நிற்பதைத் தேர்ந்தேன். உங்களுக்கு நீரிழிவு இருந்தால் இலக்கை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

வேகமாக இளைத்த பிறகு முடி கொட்டுகிறதே?

இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். புரதமும் இரும்புச்சத்தும் போதுமா என்று பாருங்கள்.

மில்லில் நைட் ஷிப்ட். எதையும் கடைப்பிடிக்க முடியவில்லை.

தூக்கம் கெட்டால் பசி கூடும், இது ஹார்மோன் அளவிலேயே தெரிந்த உண்மை. உங்கள் சூழ்நிலையில் எடை ஏறாமல் அதே இடத்தில் நின்றாலே அது பெரிய காரியம். இரவு வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு போங்கள், காலையில் வந்ததும் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள், நடையைத் தூங்கி எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முழுவதும் திரும்ப ஏறிவிட்டது. மறுபடி தொடங்க வெட்கமாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் பத்துப் பெண்களில் நான்கு பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆண்களிலும் ஏறக்குறைய அதே நிலைதான். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று என்னால் நம்ப முடியாது. 87-க்குப் போன பிறகு நடைபாதைக்கு வர எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. முன்பு என்னைப் பாராட்டியவர்கள் அங்கே இருந்தார்களே என்ற ஒரே காரணம்தான். வந்த அன்று ஒரு பெரியவர், “ரொம்ப நாளாகக் காணோமேம்மா” என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்துபோனார்.

முதல் முறை என்ன செய்தீர்களோ அதைக் காகிதத்தில் எழுதுங்கள். எந்த வாரத்தில் எது முதலில் நின்றது என்று தேடுங்கள். எனக்கு நின்றது நடை, மகளின் பொதுத்தேர்வு ஆண்டில். அதனால் இரண்டாம் முறை, ‘நடக்க முடியாத மாதம் வந்தால் என்ன செய்வேன்’ என்பதையும் தொடங்கும்போதே எழுதி வைத்தேன்: வீட்டு மொட்டை மாடி, இருபது நிமிடம், காலையும் மாலையும். கொரோனா ஊரடங்கில் அந்தக் காகிதம் என்னைக் காப்பாற்றியது.

எத்தனை நாளுக்குப் பிறகு இது எளிதாகும்?

அந்த அமெரிக்கப் பதிவேட்டில், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள்வரை தக்கவைத்தவர்களுக்கு அதன்பின் ஏறும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. என் அனுபவமும் அதுவே. முதல் ஆண்டு ஒவ்வொரு நாளும் எண்ணினேன். மூன்றாம் ஆண்டில் சர்க்கரை இல்லாத காபிதான் எனக்குக் காபி ஆகிவிட்டது. இப்போது நடக்காத நாளில் உடம்பு கனக்கிறது. பசி மட்டும் முழுதாக விடவில்லை. மாலை நான்கு மணிக்கு இன்றும் வரும். அதற்குத்தான் கைப்பையில் சுண்டல் டப்பா இருக்கிறது.